படி ஏற இயலாதோர்க்கும் பெரிய மலை
சோளிங்கர் யோக நரசிம்மர் சன்னிதிக்குக் கம்பிவட ஊர்தி

சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படிகள். இந்த எண்ணை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்துக் குடும்பங்களில் எவரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பாட்டி சொல்லிப் பேத்தி அறிந்த எண் அது. இளமையில் ஒரே மூச்சில் ஏறியதையும், கைக்குழந்தையை இடுப்பில் சுமந்து ஏறியதையும், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் படிக்குப் படி நின்று நின்று உச்சிவேளையில் சன்னிதியை அடைந்ததையும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுள் பலருக்கு அந்தத் தரிசனம் கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளாக நினைவில் மட்டுமே இருந்துவந்தது. முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மருத்துவர் கூடாது என்றார். பிள்ளைகள் வேண்டாம் என்றனர். மலையடிவாரத்தில் கொண்டபாளையத்தில் நின்று, உச்சியை அண்ணாந்து பார்த்துக் கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

2024-ம் ஆண்டு மார்ச் மாதம் அந்த நிலை மாறியது. இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் அமைக்கப்பட்ட கம்பிவட ஊர்தி பெரிய மலைக்கு இயங்கத் தொடங்கியது. மக்கள் அதனை ‘ரோப் கார்’ என்றே அழைக்கின்றனர். பணி தொடங்கிப் பல ஆண்டுகள் இழுத்தடித்து, இனி வராது என்று ஊரார் சலித்துப்போன பிறகு வந்த வசதி அது. சுமார் 750 அடி உயர மலையை, படியில் ஏறுவோர் ஓரிரு மணி நேரம் செலவிடும் உயரத்தை, அது சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது.

சில நிமிடங்கள் என்னும்போதே ஒரு கேள்வி எழுகிறது. வயது முதிர்ந்த அன்பர்கள் பலர் அதனை வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் நெஞ்சில் வைத்திருக்கின்றனர். பாடுபட்டு ஏறிப் பெற்ற தரிசனமும், பெட்டியில் அமர்ந்து பெற்ற தரிசனமும் ஒன்றாகுமா? கால் நோகாமல் கண்ட பெருமாள், கால் நொந்து கண்ட பெருமாள்தானா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர், வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. சோளிங்கர்த் தலத்தின் வரலாற்றிலேயே அதற்கு இடமிருக்கிறது.

ஒரு நாழிகைத் தலம்

சோழசிம்மபுரம் என்ற பெயரே நாளடைவில் சோளிங்கபுரமாகி, சோளிங்கர் ஆயிற்று. ஆழ்வார்கள் காலத்தில் இதன் பெயர் திருக்கடிகை. 108 திவ்ய தேசங்களுள் தொண்டை நாட்டைச் சேர்ந்தது. பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த தலம். திருமங்கையாழ்வார் இப்பெருமாளுக்குச் சூட்டிய ‘அக்காரக்கனி’ என்ற பெயர் இன்றும் அடியார் நாவில் வழங்குகிறது. அக்காரம் என்பது வெல்லம். வெல்லத்தையே விதைத்து, அது முளைத்து மரமாகிப் பழுத்தால் அந்தக் கனி எத்தனை இனிக்குமோ அத்தனை இனியவன் என்று பெரியோர் இதற்குப் பொருள் விரிப்பார்கள். கோபத்தின் வடிவமாகத் தூணைப் பிளந்து வந்த நரசிம்மரை இப்படி இனிப்பாக அழைக்கத் தோன்றியது இந்தத் தலத்தில்தான்.

கடிகை என்றால் நாழிகை. இன்றைய கணக்கில் 24 நிமிடம். ஒரு நாழிகை நேரம் இத்தலத்தில் தங்கியிருந்தாலே முக்தி கிட்டும் என்பது தலபுராணம். விசுவாமித்திரர் ஒரு நாழிகை நேரம் இங்கே நரசிம்மரை வழிபட்டுப் பிரம்மரிஷி பட்டம் பெற்றார் என்று அப்புராணம் கூறும். அவரது தவத்தின் நீளமோ யாவரும் அறிந்தது. ஆயிரமாயிரம் ஆண்டுகள் அரும்பாடுபட்டு, கோபத்தாலும் காமத்தாலும் மீண்டும் மீண்டும் சறுக்கி விழுந்தவர் அவர். அவருக்கே வேண்டியது கைகூடியது ஒரு நாழிகையில் என்றால், இத்தலத்துப் பெருமாள் காலத்தையும் பாட்டையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பவர் அல்லர் என்பது தெரிகிறது.

சப்தரிஷிகள் நரசிம்ம தரிசனம் வேண்டி இங்கே தவமிருந்தனர். அவர்களுக்கு அசுரர்களால் இடையூறு வந்தபோது, பெருமாள் ஆஞ்சநேயருக்குத் தம் சங்கு சக்கரங்களை அளித்து அனுப்பினார். அந்தப் பணி முடிந்தபின் ஆஞ்சநேயர் எதிரேயுள்ள சின்ன மலையில் யோகத்தில் அமர்ந்தார். நான்கு திருக்கரங்களோடு, சங்கும் சக்கரமும் ஏந்தி, ஜபமாலையோடு யோக நிலையில் அமர்ந்த ஆஞ்சநேயரை வேறு எங்கு காண முடியும்? பெரிய மலையில் வீற்றிருக்கும் தம் தலைவனை நோக்கியபடியே அவர் அமர்ந்திருக்கிறார். ஆண்டில் பதினொரு மாதம் யோகத்தில் கண்மூடியிருக்கும் நரசிம்மர், கார்த்திகை மாதத்தில் கண் திறந்து அருள்வதாக ஐதிகம். அந்த மாதத்து வெள்ளிக்கிழமைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் படியெங்கும் தலைகள்தாம் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பகுதியினர் தோல் பதனிடும் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் குடும்பத்தினர். வாரத்தில் ஆறு நாள் தையல் இயந்திரத்தின் முன் குனிந்து உலகத்தார் கால்களுக்குக் காலணி தைக்கும் ஆம்பூர்ப் பெண்கள், ஏழாம் நாள் தம் காலணியை அடிவாரத்தில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு மலையேறுகின்றனர். நின்றும் குனிந்தும் பல ஆண்டு உழைத்த உடலுக்கு மூட்டுவலி முந்திக்கொண்டு வருவது வழக்கம். ஐம்பத்தைந்து வயதிலேயே ‘இனி மலைக்கு இல்லை’ என்று முடிவெடுக்க நேர்ந்தவர்கள் இக்குடும்பங்களில் அதிகம். கம்பிவட ஊர்தியின் பயன் இவர்களுக்குத்தான் முதலில்.

தொட்டாச்சாரியாருக்கு வந்த கருடன்

இதே ஊரில் வாழ்ந்த மகாசாரியர் ஒருவரின் கதையை முதிய வைணவ அன்பர்கள் அறிவார்கள். சுவாமி தேசிகனின் சததூஷணிக்குச் ‘சண்டமாருதம்’ என்னும் பேருரை எழுதிய தொட்டாச்சாரியார் அவர். ஆண்டுதோறும் வைகாசித் திருவிழாவில் காஞ்சிபுரம் சென்று, வரதராஜப் பெருமாளின் கருட சேவையைக் கண்டு திரும்புவது அவர் வழக்கம். ஓராண்டு உடல் இடம் கொடுக்கவில்லை. காஞ்சிக்குச் செல்ல முடியவில்லை. கருட சேவை நாளில் விடியற்காலையில் சோளிங்கர்த் தக்கான் குளக்கரையில் நின்று, இந்நேரம் பெருமாள் கோபுர வாசலில் எழுந்தருளியிருப்பாரே என்று கண்ணீர் மல்கி நின்றார். அவர் நின்ற இடத்திலேயே, கருட வாகனத்தில் வரதராஜர் அவருக்குக் காட்சி கொடுத்தருளினார் என்பது வரலாறு. அந்தப் பரவசத்தில் அவர் அருளிய ஐந்து சுலோகங்கள் ‘தேவராஜ பஞ்சகம்’ எனப்படுகின்றன.

இது கதையாக மட்டும் நின்றுவிடவில்லை. காஞ்சிபுரத்தில் இன்றும் வைகாசி கருட சேவையன்று, பெருமாள் கோபுர வாசலுக்கு எழுந்தருளும்போது சில கணங்கள் குடைகளால் திருமுகத்தை மறைக்கின்றனர். அந்தக் கணத்தில் பெருமாள் சோளிங்கருக்குச் சென்று தொட்டாச்சாரியாருக்குச் சேவை சாதித்துத் திரும்புவதாக ஐதிகம். ‘தொட்டாச்சாரியார் சேவை’ என்றே அதற்குப் பெயர். பல்லாயிரம் பேர் கூடியிருக்கும் வீதியில், வர முடியாமல் போன ஒருவருக்காகப் பெருமாள் வந்தவர் அத்தனை பேர் கண்ணுக்கும் சற்றே மறைகிறார். அவர்களும் முகம் சுளிக்காமல், கைகூப்பிக் காத்து நிற்கிறார்கள்.

நடக்க முடியாதவனிடம் பெருமாள் குறை காணவில்லை. ‘நீ வரவில்லையே’ என்று கேட்கவில்லை. தாமே வந்தார். சரணாகதி என்னும் தத்துவமே கைம்முதல் இல்லாதவனுக்காக வகுக்கப்பட்டது என்று ஆசாரியர்கள் கூறுவார்கள். ஞானம், கருமம், பக்தி என்னும் வழிகளில் நடக்கும் வலிமை உள்ளவனுக்கு அந்த வழிகள் இருக்கின்றன. ‘என்னிடம் எதுவும் இல்லை’ என்று நிற்பவனுக்கு உரியது பிரபத்தி. கால் வலிமை இல்லாத முதியவர் ஒருவர் பெட்டியில் அமர்ந்து மலையேறுவதில் சாத்திரத்துக்கு ஒவ்வாதது எதுவுமில்லை.

மறுபக்கத்தில் ஒன்று சொல்ல வேண்டும். படியேறுவது வீண் என்று இதனால் ஆகிவிடாது. ஏற முடிந்தவர், நேரம் மிச்சம் என்பதற்காக மட்டும் வரிசையில் நின்று முதியவர் ஒருவரின் இடத்தைப் பிடித்துக்கொள்வது அழகன்று. இருபது வயது இளைஞனுக்குப் படி. எழுபது வயதுத் தாத்தாவுக்கு ஊர்தி. இதற்குச் சட்டம் வேண்டாம். வீட்டிலேயே சொல்லி வளர்த்தால் போதும்.

திருமலையில் நடந்தது

திருவேங்கடமலை முழுவதும் ஆதிசேடனின் வடிவம் என்பதால், அதன்மீது கால் பதிக்க அஞ்சி இராமானுசர் முழங்காலால் ஏறினார் என்று குருபரம்பரை கூறும். மலைப்பாதையில் மிகச் செங்குத்தான ஓரிடத்துக்கு ‘முழங்கால் முறிச்சான்’ என்றே தமிழில் பெயர். மூட்டுவலியால் அவதிப்படும் அன்பர்கள் இந்தப் பெயரைக் கேட்டால் புன்னகை செய்யாமல் இருக்க முடியாது. 1944-ம் ஆண்டு திருமலைக்கு மலைச்சாலை திறக்கப்பட்டது. அதற்கு முன் நடந்தோ டோலியிலோ மட்டுமே செல்ல முடிந்த மலைக்கு, இன்று மிகப் பெரும்பாலோர் வாகனத்தில்தான் செல்கின்றனர். பேருந்தில் சென்று ஏழுமலையானைக் கண்டவர் எவரும் தமக்குப் பாதித் தரிசனமே கிடைத்தது என்று கருதியதில்லை. அலிபிரிப் படிகளும் வெறிச்சோடிவிடவில்லை. நேர்த்திக்கடன் உள்ளவர்கள் இன்றும் கோவிந்த நாமத்தோடு நடந்தே ஏறுகின்றனர். இரண்டும் அருகருகே நடந்துவருகின்றன.

பழனியில் இந்த மாற்றம் படிப்படியாக வந்தது. 1966-ம் ஆண்டு முதல் ‘விஞ்ச்’ எனப்படும் இழுவை ரயில் ஓடியது. தண்டவாளத்தின்மீது கம்பிவடம் இழுக்க, தரையோடு தரையாக மலையேறும் பெட்டி அது. 2004-ம் ஆண்டு நவம்பரில் அங்கே கம்பிவட ஊர்தியும் வந்து சேர்ந்தது. கரூர் மாவட்டம் குளித்தலை அருகே 1,017 படிகள் கொண்ட ஐயர்மலை இரத்தினகிரீசுவரர் கோயிலிலும் 2024-ம் ஆண்டு ஜூலையில் இவ்வசதி தொடங்கியது. காகம் பறவா மலை என்று ஐயர்மலைக்குப் பெயர். காகமே பறவாத மலையில் மனிதர் பறக்கின்றனரே என்று அங்கே வேடிக்கையாகப் பேசிக்கொள்ளத் தோன்றும்.

வாழைத்தாரிலிருந்து வந்த வழி

கம்பியில் தொங்கும் இருக்கையில் மனிதர் மலையேறும் முறை எங்கிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. 1936-ம் ஆண்டு அமெரிக்காவின் இடாகோ மாநிலத்தில் சன் வேலி என்னும் மலைவாச விடுதியில், பனிச்சறுக்கு விளையாடுவோரை மேலே கொண்டு செல்ல உலகின் முதல் இருக்கை ஊர்தி அமைக்கப்பட்டது. அதனை வடிவமைத்த ஜேம்ஸ் கர்ரன் என்னும் பொறியாளர், அதற்கு முன் கப்பலில் வாழைத்தார்களை ஏற்றும் கருவியை அறிந்தவர். ஓடும் கம்பியில் கொக்கிகள் தொங்கும். கொக்கிக்கு ஒரு வாழைத்தார். கொக்கியில் தாருக்குப் பதில் நாற்காலியை மாட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அவ்வளவுதான். பனிக்காலத்தில் சறுக்கு வீரர்களையும், கோடையில் மலைக்காட்சி காண வருவோரையும் சுமக்கும் இருக்கை ஊர்திகள் இன்று உலகெங்கும் இயங்குகின்றன.

நம் நாட்டில் அது தொடக்கத்திலேயே திருத்தலத்துக்கு வந்துவிட்டது. பீகாரில், புத்தர் உபதேசித்த கழுகுமலை இருக்கும் ராஜகிருகத்தில், 1969-ம் ஆண்டு உலக அமைதித் தூபி திறக்கப்பட்டது. ஜப்பானியப் பௌத்தர்கள் எழுப்பிய தூபி அது. அந்த மலைக்குச் செல்லும் இருக்கை ஊர்தியில் ஒருவர் மட்டுமே அமர முடியும். கூரை இல்லை, சுவர் இல்லை. கால் அந்தரத்தில் தொங்கும். குறுக்கே ஒரு கம்பி மட்டும் காவல். அந்த மலைக்குப் பெயர் இரத்தினகிரி. ஐயர்மலையும் இரத்தினகிரி, வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் இடையே நெடுஞ்சாலையில் செல்வோர் கைகூப்பும் முருகன் மலையும் இரத்தினகிரி. அரித்துவாரில் மானசா தேவி கோயிலுக்கும், வைஷ்ணவி தேவி பவனத்திலிருந்து பைரவர் சன்னிதிக்கும் கம்பிவட ஊர்திகள் உண்டு. வைஷ்ணவி தேவி மலையில் பைரவர் ஊர்தி 2018-ம் ஆண்டு இறுதியில் தொடங்கியபின், அம்மனைக் கண்டு பைரவரைக் காண முடியாமல் திரும்பிய முதியோர் பலருக்கு யாத்திரை முழுமை பெற்றது.

சோளிங்கரில் இயங்குவது திறந்த நாற்காலி அன்று, மூடிய பெட்டி. கால் தொங்காது, கதவு சாத்தப்படும். இயங்கும் விதத்தைக் கிணற்றடியை நினைவில் வைத்திருப்பவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். கப்பியில் ஓடும் ஒரே கயிற்றின் இருமுனையிலும் வாளி கட்டினால், ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும். இறங்கும் வாளியின் எடை ஏறும் வாளிக்குத் துணை செய்யும். மலையிலும் அதேதான். தரிசனம் முடித்து இறங்குவோரின் எடை, தரிசனத்துக்கு ஏறுவோரைத் தூக்க உதவுகிறது. மின்விசைப் பொறிக்கு மீதி வேலைதான். கயிற்றுக்குப் பதில் பல எஃகு இழைகளை முறுக்கிய வடம். கப்பிக்குப் பதில் பெருஞ்சக்கரம்.

அச்சம் நியாயமானதே

அந்தரத்தில் தொங்குவதை நினைத்தாலே பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. அதனை எள்ளி நகையாடுவது தவறு. பழனியில் 2007-ம் ஆண்டு கம்பிவட ஊர்தி விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தது. சார்க்கண்டு மாநிலம் தேவகர் அருகே திரிகூட மலையில் 2022-ம் ஆண்டு ஏப்ரலில் பெட்டிகள் நடுவானில் நின்றுபோய், உள்ளிருந்தோரை ஹெலிகாப்டர் கொண்டு மீட்க நேர்ந்தது. அங்கும் உயிர்ச்சேதம் உண்டு. ஐயர்மலையில் தொடங்கிய புதிதிலேயே பலத்த காற்றினால் பெட்டிகள் வழியில் நின்று, உள்ளிருந்தவர்கள் பின்னர்ப் பத்திரமாக இறக்கப்பட்டனர்.

இவற்றைச் சொல்வது அச்சுறுத்துவதற்காக அன்று. காற்று வலுத்தாலோ மழை பெய்தாலோ ஊர்தி நிறுத்தப்படும்போது, தொலைவிலிருந்து வந்த அன்பர்கள் பணியாளர்களிடம் சினந்து பேசுவதைப் பல தலங்களிலும் காணலாம். நிறுத்துவதே பாதுகாப்பு. பழனியில் மாதந்தோறும் ஒரு நாளும், ஆண்டுக்கு ஒருமுறை பல நாள்களும் பராமரிப்புக்காக ஊர்தி நிறுத்தப்படுகிறது. வடத்தின் இழைகளையும் சக்கரங்களின் தேய்மானத்தையும் அப்போதுதான் சோதிக்க முடியும். பராமரிப்பு நாளைக் குறைத்து ஊர்தியை ஓட்டச் சொல்வோர், தம் தாயாரை அதில் அமர்த்தப்போவதை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். அச்சம் தீராதவர்கள் வற்புறுத்தலுக்காக ஏற வேண்டியதில்லை. அடிவாரத்திலும் ஊருக்குள்ளும் பெருமாள் இருக்கிறார்.

ஊருக்குள் இருப்பது பக்தோசிதப் பெருமாள். மலைமீது மூலவர், ஊர்க்கோயிலில் உற்சவர் என்பது சோளிங்கரின் தனித்தன்மை. மலையேற இயலாத முதியோரும், நோயுற்றோரும், நிறைமாதக் கர்ப்பிணிகளும் தலைமுறை தலைமுறையாக உற்சவரைக் கண்டே மனநிறைவு பெற்றனர். திருவிழாக் காலங்களில் அவர் வீதியில் எழுந்தருளி வீட்டு வாசலுக்கே வருகிறார். கம்பிவட ஊர்தி வந்துவிட்டது என்பதற்காக அவரை மறந்து, நேரே மலைக்குச் சென்று நேரே திரும்புவது முறையாகாது.

நேர்ந்துகொண்டவர்கள்

பிள்ளைக்கு வேலை கிடைத்தால் படியேறி வருகிறேன், பெண்ணுக்குத் திருமணமானால் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு வருகிறேன் என்று நேர்ந்துகொண்டு, பெருமாள் தம் பங்கைச் செய்து முடித்தபின், தம் பங்கைச் செய்ய முடியாமல் முதுமையில் வருந்துவோர் உண்டு. ‘கடன் இருக்கிறதே’ என்று அவர்கள் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். இவர்களுடைய மனச்சுமைதான் இந்தப் பொருளில் மிகக் கனமானது.

நேர்ந்தவருக்கு இயலாதபோது மகனோ மகளோ அவர் பொருட்டு நிறைவேற்றுவது நம் குடும்பங்களில் நெடுங்கால வழக்கம். இப்போது அதில் ஒரு புதிய அழகு சேர்ந்திருக்கிறது. பேரன் பேத்திகள் பாட்டியின் நேர்த்திக்கடனுக்காகப் படிக்குப் படி குங்குமமிட்டு ஏற, பாட்டி தலைக்குமேல் பெட்டியில் செல்ல, மேலே எல்லோரும் ஒன்றுசேர்ந்து சன்னிதிக்குள் நுழையலாம். முன்பு அந்தப் பாட்டி வீட்டில் காத்திருந்து பிரசாதம் மட்டும் வாங்கிக்கொள்வார். முதல் படியிலாவது தம் கையால் மஞ்சள் இட்டு, கற்பூரம் ஏற்றிவிட்டுப் பிறகு பெட்டியில் ஏறினால் அவர் மனமும் ஆறும். ஐயம் உள்ளவர்கள் கோயில் பட்டாசாரியாரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

சுமைகளைப் பற்றிப் பேசும்போது டோலி தூக்குவோரை விட்டுவிடக் கூடாது. கம்பிவடம் வருவதற்கு முன்பு, இயலாதோரைத் தோளில் சுமந்து இந்தப் படிகளில் ஏற்றியவர்கள் அவர்கள். கோடை வெயிலில் கல் கொதிக்கும்போது, வெறுங்காலில், மூச்சு வாங்க, ‘அம்மா, ஆடாமல் உட்காருங்கள்’ என்று சொல்லிக்கொண்டே அவர்கள் ஏறியதை, டோலியில் சென்றவர்கள் மறக்க மாட்டார்கள். பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளுக்குத் திருவிழாவில் மரியாதை உண்டு. அடியாரைச் சுமந்தவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை, அன்றைய கூலிதான். ஊர்தி வந்த இடங்களிலெல்லாம் இந்தத் தொழில் மெலியும். புதிய வசதியில் கிடைக்கும் சிறு வேலைகளில், முதியோரைக் கைப்பிடித்துப் பெட்டியில் ஏற்றி இறக்கும் பணியிலாவது, அவர்களுக்கு முதலிடம் தருவது அறம். முதியோரை எப்படித் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது அவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

செல்வோர் கவனத்துக்கு

புறப்படும் முன் அன்று ஊர்தி இயங்குகிறதா என்று கேட்டறிந்து செல்வது முதல் வேலை. ஆம்பூர், வேலூர்ப் பக்கத்திலிருந்து வருவோருக்கு வாலாஜாபேட்டை வழியாகச் சாலை நேராக இருக்கிறது. ரயிலில் வருவோர் ஒன்று நினைவில் கொள்ள வேண்டும். சோளிங்கர் ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, பாணாவரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ வர வேண்டும். காலையில் வெயிலும் குறைவு, காற்றும் பெரும்பாலும் குறைவு. கார்த்திகை ஞாயிறுகளைத் தவிர்த்து வார நாளில் சென்றால் வரிசை நீளாது.

ஊர்தி சன்னிதிக்குள்ளேயே கொண்டுபோய் விடாது. இறங்கும் இடத்திலிருந்து நடக்க வேண்டியது உண்டு என்பதால், தனியே செல்லாமல் கைப்பிடிக்க ஒருவரை உடன் அழைத்துச் செல்க. இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வதும், வேளை மருந்தைக் கையோடு வைத்திருப்பதும் நன்று. தலைசுற்றல் உள்ளவர்கள் நேர்கீழே பார்க்காமல் தொலைவை நோக்கினால் சற்றுத் தெளிவாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் குரங்குகள்! சோளிங்கர்க் குரங்குகளுக்குத் தேங்காய் மூடி, வாழைப்பழம், கைப்பை, மூக்குக்கண்ணாடி என்ற வேறுபாடு கிடையாது. ஆஞ்சநேயர் தலத்தில் அவற்றை விரட்டவும் மனம் வராது. கையில் உணவுப்பொருள் வெளியே தெரியாமல் செல்வதே வழி.

பெட்டி மேலெழும்பும்போது, காலடியில் நகரும் பாறைகளுக்கும் புதர்களுக்கும் அப்பால் ஏரிகளும் வயல்களும் விரியும். படிகளில் ஏறுவோர் சிறு புள்ளிகளாகத் தெரிவர். படியில் ஏறும்போது கண் எப்போதும் அடுத்த படியில்தான் இருக்கும். ஐம்பது ஆண்டு மலையேறியவர்களும் இந்த மலையின் முழு உருவத்தைப் பெட்டியில் அமர்ந்தபோதுதான் முதன்முதலாகக் காண்கின்றனர். உச்சியில் அமிர்தவல்லித் தாயாரைச் சேவித்து, கிழக்கு நோக்கி யோகத்தில் வீற்றிருக்கும் நரசிம்மரின் சன்னிதிக்கு வந்து நிற்கும்போது, பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் காணாத முகத்தைக் கண்டவர்கள் பேச மாட்டார்கள். அர்ச்சகர் தீபாராதனை காட்டி, சடாரி சாற்றி, தீர்த்தம் கொடுத்து நகரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருப்பார்கள். ஒரு நாழிகை நேரம் இத்தலத்தில் இருந்தால் போதும் என்று புராணம் சொல்வது இவர்களைப் போன்றோரை எண்ணித்தான் போலும்.

கம்பிவட ஊர்தி செல்வது பெரிய மலைக்கு மட்டுமே. சின்ன மலை ஆஞ்சநேயரைக் காண வேண்டுமானால், தக்கான் குளத்தில் நீராடி, 406 படிகளையும் காலால்தான் ஏற வேண்டும். மனநலம் குன்றியோரையும் தீராப் பிணியுற்றோரையும் ஈர உடையோடு உறவினர் கைத்தாங்கலாக அழைத்து ஏறும் படிகள் அவை. ஏற முடியாத முதியோர், நரசிம்ம தரிசனம் முடித்து வெளியே வந்ததும், உச்சியின் ஓரமாக நின்று எதிர்மலையைத் தேடுகின்றனர். பாறைமேல் வெண்சுண்ணம் பூசிய சின்ன மலைக் கோயில் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கிருந்தபடியே ஆஞ்சநேயருக்குக் கைகூப்பிவிட்டு, கீழிறங்கும் பெட்டிக்கான வரிசையில் வந்து நிற்கின்றனர்.